ஒரு ரேர்போவா, இரண்டா? ஓடுதளத்துக்குக் கார் செய்யும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



வளர்ந்த ஆண்பிள்ளைகள் இருக்கும் எங்கள் வீடுகளில் ஒரு சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ரேர்போ. சாப்பாட்டு மேசையிலும் அதுதான், ரெலிபோனிலும் அதுதான். "சிங்கிள் போடுறதோ, ட்வின் போடுறதோ" என்று தமையனும் தம்பியும் சண்டை பிடிப்பார்கள். தாய் தகப்பனுக்கு ஒன்றும் விளங்காது. விளங்காத சாமானுக்குக் காசு கேட்டால் ஒன்றில் ஏச்சு விழும், இல்லாவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காசு போகும். இரண்டும் சரியில்லை என்பது என் அபிப்பிராயம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் எஞ்சினியர் அல்ல. நாட்டில் சாதாரண தரத்தோடு படிப்பு நின்று போனவன். பிக்கரிங்கில் இருந்து பக்டரிக்குப் போய் வருகிறேன். கடைச்சல் மெசினில் நின்று இரும்புத் தண்டு கடைவது என் வேலை. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கடைந்த சாமானைத் தூக்கி எறிய வேண்டும். ரேர்போ என்பதும் ஒரு தண்டும் இரண்டு விசிறியும்தான். அந்த வகையில் எனக்கு அது அந்நியமான பொருள் இல்லை.

கொல்லன் பட்டறையில் துருத்தி பார்த்திருப்பீர்கள். கரி இருந்தால் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். காற்றைக் கூட்டினால் நெருப்பும் கூடும். கார் எஞ்சினும் அப்படித்தான். பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டுமே! சாதாரண எஞ்சின் தானாக உறிஞ்சுகிற காற்றோடு திருப்திப்படுகிறது. ரேர்போ அந்தக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. தள்ளுவதற்கு வேண்டிய பலம் எங்கிருந்து வருகிறது? சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையில் இருந்து. நாங்கள் ஊற்றுகிற பெற்றோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தப் புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகை ஒரு விசிறியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிறெட் பூஹி என்ற எஞ்சினியர் 1905இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். நூறு வருடத்துக்கு மேலான சங்கதி.

இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். என்னுடைய மெசின் நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுச் சுற்றும்போதே நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நிற்கிறேன். ரேர்போவில் ஒரு பக்க விசிறி அடுப்புத் தணல்போலச் சிவக்கும். நடுவில் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம். சில வகைகளில் குண்டு பெயாரிங் இருக்கும். ஒயில் ஒரு நொடி நின்றாலும் கதை முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு வருவோம்.

பெரிய ரேர்போ ஒன்று போட்டால் நிறையக் காற்றுத் தள்ளும். ஆனால் பெரிய விசிறி பாரம், சுழல நேரம் எடுக்கும். காலால் அமத்தினால் ஒன்று, ஒன்றரை விநாடிக்கு ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று பின்னால் இருந்து உதைத்ததுபோலக் கார் பாயும். இந்தத் தாமதத்தைத்தான் பிள்ளைகள் "லாக்" என்கிறார்கள். சின்ன ரேர்போ கெதியில் சுழலும், ஆனால் உயர்ந்த வேகத்தில் மூச்சு முட்டும். அப்படியானால் சின்னது இரண்டு போட்டால்? காற்றும் காணும், தாமதமும் இல்லை. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. உண்மையில் அவ்வளவு இலகு இல்லை.

இதற்கு எங்கள் ரொறன்ரோ நகரத்து வீதியிலேயே ஒரு பரீட்சை நடந்தது. பலருக்குத் தெரியாது. எக்சிபிஷன் பிளேசைச் சுற்றி 1986 முதல் இண்டி கார் பந்தயம் நடந்து வந்தது. லேக்ஷோர் வீதியை மறித்து, சீமெந்துச் சுவர் வைத்து ஓடுவார்கள். 2012இல் அந்தப் பந்தயக் கார்களுக்குப் புது விதி வந்தது: 2.2 லீற்றர், ஆறு சிலிண்டர், 'வி' வடிவ எஞ்சின், கட்டாயம் ரேர்போ வேண்டும். ஆனால் ஒன்றா இரண்டா என்பதைக் கம்பனிகளே தீர்மானிக்கலாம் என்று விட்டார்கள். ஹொண்டா ஒரு பெரிய ரேர்போ போட்டது. செவ்ரொலே சின்னது இரண்டு போட்டது. லோட்டஸ் கம்பனியும் இரண்டு போட்டது, ஆனால் அது அந்த ஒரு வருடத்தோடு போய்விட்டது.

ஒரே உடம்புக் கார், ஒரே ரயர், ஒரே அளவு எஞ்சின். வித்தியாசம் ரேர்போவில். வேறெங்கே இப்படி ஒரு நேர்ப் போட்டி கிடைக்கும்!

2012இல் மொத்தம் 15 பந்தயம். செவ்ரொலே 11 வென்றது, ஹொண்டா 4. ரொறன்ரோப் பந்தயத்தை வென்ற றயன் ஹன்ரர்-றே ஓட்டியது இரண்டு ரேர்போ செவ்ரொலே. அந்த வருடத்துச் சம்பியனும் அவரே. அப்படியென்றால் இரண்டுதான் திறமோ? பொறுங்கள். எல்லாவற்றிலும் பெரிய பந்தயமான இண்டியனாபொலிஸ் 500ஐ அதே வருடம் வென்றவர் டாரியோ பிராங்கிட்டி, ஒற்றை ரேர்போ ஹொண்டாவில். அது கால் எடுக்காமல் ஓடுகிற வட்டத் தடம். விசிறி ஒருபோதும் ஆறுவதில்லை, தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே காரணத்தால் அடுத்த வருடமும் ஒற்றைதான் வென்றிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, 2013 இண்டியனாபொலிஸ் ரொனி கனானுக்குப் போனது, இரண்டு ரேர்போவோடு. ரொறன்ரோவில் அந்த வருடம் சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று இரண்டு பந்தயம் வைத்தார்கள். சுவருக்கு நடுவில் வளைவும் நெளிவுமான வீதி, அடிக்கடி பிறேக் போட்டு அடிக்கடி அமத்த வேண்டிய இடம். இரண்டு சின்ன ரேர்போவுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். இரண்டு நாளும் வென்றது ஸ்கொட் டிக்சன், ஒற்றை ரேர்போ ஹொண்டாவில்! சம்பியன் பட்டமும் அவருக்கே. 2013இன் 19 பந்தயங்களில் செவ்ரொலே 10, ஹொண்டா 9.

இதற்கிடையில் கம்பனிகளுக்குள் வழக்கும் நடந்தது. 2012இல் ஹொண்டா தன் ரேர்போவின் காற்று அமுக்கும் பக்கத்து மூடியை மாற்ற அனுமதி பெற்றது. செவ்ரொலே ஆட்சேபித்தது. ஆட்சேபம் எடுபடவில்லை. ஒற்றையையும் இரட்டையையும் ஒரே தராசில் வைப்பது நடுவர்களுக்கே தலையிடியாகப் போயிற்று. கடைசியில் 2014 முதல் எல்லாரும் இரண்டுதான் போட வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். ஹொண்டாவும் இரண்டுக்கு மாறியது. இரண்டு திறம் என்று தீர்ப்பானதால் அல்ல, சண்டை தீரட்டும் என்று.

இந்தக் கணக்கில் சாரதியின் திறமை, குழுவின் திறமை எல்லாம் கலந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவு. கோடிக்கணக்கில் செலவழிக்கும் கம்பனிகளே இரண்டு வருடம் ஓடியும் ஒன்றை ஒன்று அடித்து விழுத்த முடியவில்லை. அப்படி இருக்க, "ட்வின் தான் வேகம்" என்று கராச்சில் நின்று அடித்துச் சொல்லும் தம்பிமாரை எப்படி நம்புவது?

எங்களுக்கு இன்னும் கிட்ட ஒரு இடம் இருக்கிறது. பிக்கரிங்கில் இருந்து 401இல் கிழக்கே போய், போமன்வில்லுக்கு வடக்கே ஏறினால் மொஸ்போர்ட் ஓடுதளம். 1961இல் திறந்தது. 2012 முதல் கனேடியன் ரயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க் என்று பெயர். சுற்று ஏறக்குறைய 4 கிலோமீற்றர், பத்து வளைவு, ஏற்றம் இறக்கம் நிறைய. ரேர்போவின் சரித்திரத்தில் அந்த மேட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1972 யூனில் போர்ஷே கம்பனி ரேர்போ போட்ட 917/10 என்ற காரை கான்-ஆம் பந்தயத்துக்கு முதன்முதலாக அங்கேதான் கொண்டு வந்தது. 5 லீற்றர், பன்னிரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஆறாகப் படுத்த எஞ்சின். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரேர்போ. மார்க் டொனஹ்யூ முதல் இடத்தில் இருந்து புறப்பட்டார். நடுவில் கோளாறு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. ரேர்போவே இல்லாத மக்லாறனில் வந்த டெனி ஹல்ம் வென்றார், டொனஹ்யூ இரண்டாவது. ஆனால் அந்த வருடச் சம்பியன் பட்டம் ஜோர்ஜ் பொல்மர் கையில் போர்ஷேக்குத்தான் போனது. அடுத்த வருடம் வந்த 917/30 ஏறக்குறைய 1100 குதிரைவலு. நிகழ்ந்த எட்டில் ஆறு பந்தயத்தை டொனஹ்யூ அதில் வென்றார்.

அதே மொஸ்போர்ட்டுக்கு 1977 ஒக்டோபரில் ரெனோ கம்பனி பிரான்சில் இருந்து போர்மியூலா வண் கார் ஒன்றைக் கொண்டு வந்தது. 1.5 லீற்றர், வி-ஆறு எஞ்சின், ரேர்போ ஒன்றே ஒன்று. புகை கக்கி நின்றுவிடுவதால் இங்கிலாந்துக்காரர் அதை 'மஞ்சள் தேநீர்க் கேத்தல்' என்று பகிடி பண்ணினார்கள். மொஸ்போர்ட்டில் அது பந்தயத்தில் சேரும் தகுதியைக்கூடப் பெறவில்லை. அதன் பிறகு போர்மியூலா வண் மொஸ்போர்ட்டுக்கு வரவே இல்லை, மொன்றியலுக்குப் போய்விட்டது. ரெனோவோ விடாமல் வேலை செய்தது. 1979இல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன ரேர்போவுக்கு மாறியது. அதே வருடம் யூலை 1ஆந் திகதி பிரான்சின் டிஜோன் தடத்தில் ஜபூய் வென்றார். போர்மியூலா வண்ணில் ரேர்போ கார் ஒன்றின் முதல் வெற்றி அது.

இதைக் கேட்டால் மறுபடியும் "பார்த்தியளோ, இரண்டுதான்" என்பார்கள். ஆனால் ரேர்போவோடு முதல் சம்பியன் பட்டம் வந்தது 1983இல், நெல்சன் பிக்கேக்கு. அவருடைய பிறபாம் காரில் இருந்தது பி.எம்.டபிள்யூ எஞ்சின். நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில். ரேர்போ ஒன்று!

இந்த இரண்டு கதைக்கும் நடுவில்தான் விடை கிடக்கிறது. எஞ்சினின் வடிவத்தைப் பாருங்கள். வி வடிவ எஞ்சினுக்கும் படுத்த எஞ்சினுக்கும் புகை இரண்டு பக்கத்தால் வெளியே வரும். ஒரு ரேர்போ போட வேண்டுமானால் இரண்டு பக்கப் புகையையும் நீளக் குழாயால் ஒரு இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். குழாய் நீளும்போது சூடு இறங்கும், சூட்டோடு பலமும் இறங்கும். அதற்கு ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதே இயல்பு. ஒரே வரிசை எஞ்சினில் புகை எல்லாம் ஒரே பக்கத்தால் வரும். அங்கே ஒன்று போதும். இரண்டு போடுகிறவன் ஏதாவது காரணம் வைத்திருக்க வேண்டும்.

அந்தக் காரணம் தாமதம் குறையும் என்பதுதானே? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு விசிறியைச் சுழற்றத் தடையாக இருக்கும் பாரம், விட்டம் குறையக் குறைய மிக வேகமாகக் குறையும். அதே வடிவத்தில் விட்டம் பாதியானால் தடை 32இல் ஒரு பங்கு. காற்று பாதி காணும் என்றால் விட்டம் ஏறக்குறைய 70 வீதமாக இருந்தால் போதும். அப்போது ஒரு விசிறியின் தடை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டையும் கூட்டினாலும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகா என்று சொல்வீர்கள். ஆனால் சின்ன விசிறி அதே அமுக்கம் கொடுக்க வேண்டுமானால் 1.4 மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அதைச் சேர்த்தால், இரண்டையும் வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான சக்தி பெரியதற்கு வேண்டியதில் ஏறக்குறைய 70 வீதம். லாபம் உண்டு, ஆனால் சொல்லுமளவுக்கு இல்லை. அதிலும் கொஞ்சம் கழியும். விசிறி நுனிக்கும் கூட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியை விசிறி சின்னதாகும் அளவுக்குச் சின்னதாக்க முடியாது. கடைகிறவனுக்குத் தெரியும், அளவு சிறுத்தாலும் பிசகு சிறுப்பதில்லை. அந்த இடைவெளியால் காற்று நழுவும். தண்டும் இரண்டு, உராய்வும் இரண்டு.

இதை கம்பனிகளும் கண்டுபிடித்தன. பி.எம்.டபிள்யூ 2006இல் ஒரே வரிசை ஆறு சிலிண்டர், 3 லீற்றர் எஞ்சினுக்கு இரண்டு சின்ன ரேர்போ போட்டது. 335 இலக்கக் காரில் வந்தது. மூன்று வருடத்தில், 2009இல், அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று போட்ட எஞ்சினைக் கொண்டு வந்தது. பலம் அதே 300 குதிரைவலு. அந்த ஒற்றை ரேர்போவின் கூட்டுக்குள் புகை வரும் வழியை நடுவால் பிரித்திருந்தார்கள். முன் மூன்று சிலிண்டரின் புகை ஒரு வழியால், பின் மூன்றின் புகை மறு வழியால். ஒரு சிலிண்டர் விடும் மூச்சு இன்னொன்றின் மூச்சோடு மோதாது. இரண்டு ரேர்போவின் நன்மையில் பெரும்பகுதி ஒன்றிலேயே கிடைத்தது. ஆனால் வியாபாரத்துக்கு வைத்த பெயர் 'ட்வின் பவர்'! அதைப் பார்த்து உள்ளே இரண்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு திரியும் பிள்ளைகள் ஸ்கார்பரோவில் எத்தனை பேர்! 2019இல் வந்த புது ரொயோட்டா சுப்றாவிலும் இருப்பது பி.எம்.டபிள்யூவின் ஒற்றை ரேர்போ எஞ்சின்தான்.

பழைய சுப்றாவின் கதை வேறு. 1993இல் வந்த அந்தக் காருக்கு ரொயோட்டா இரண்டு ரேர்போ போட்டது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. முதலில் ஒன்று, 4000 சுற்றுக்குக் கிட்ட மற்றது சேரும். மாற்றி மாற்றித் திறந்து மூட வால்வுகளும் றப்பர்க் குழாய்களும் ஒரு காடு மாதிரி. மஸ்டா ஆர்.எக்ஸ்-7உம் அதே மாதிரி. றோட்டில் ஓட அருமை. ஆனால் இருபது, முப்பது வருடத்துக்குப் பிறகு றப்பர் வெடித்தால் எந்தக் குழாய் என்று தேடுவதற்கே ஒரு சனிக்கிழமை போகும். ஓடுதளத்துக்குக் கொண்டு போகிறவர்களில் பலர் அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஒன்று போடுவதன் காரணம் இதுதான். யப்பானின் பெரிய பந்தயங்களில் ரொயோட்டாவே சுப்றாவுக்குள் நாலு சிலிண்டர், ஒற்றை ரேர்போ எஞ்சினை வைத்து வருடக்கணக்கில் ஓடியது. முன்பக்கப் பாரம் குறையும் என்று.

இனி வீட்டுக் கதை ஒன்று. என் அக்காவின் மகனிடம் ஒரு பழைய லெக்சஸ் ஐ.எஸ். 300 இருக்கிறது. அந்தக் கார் 2001 முதல் 2005 வரை இங்கே விற்றது. உள்ளே இருப்பது சுப்றாவின் எஞ்சினுக்கு ஒன்றுவிட்ட சகோதரம், ரேர்போ இல்லாமல் 215 குதிரைவலு. அவனுக்கு மொஸ்போர்ட் ஆசை. இரண்டு ரேர்போ போடப் போகிறேன் என்று நின்றான். அவனிடம் காசில்லை. அக்காவின் பெயரில் கிரெடிற் எடுத்துத் தரச் சொன்னான். அக்கா இரவு வேலை செய்து வீட்டுக்கு முற்பணம் சேர்ப்பவ. என்னைக் கூப்பிட்டா. "தம்பி, பங்கருக்குள்ள மடியில வைச்சுக் காப்பாத்தின பிள்ளை. இவன் காரில போய் அடிபடவோ நான் கொண்டு வந்தனான்? அதுக்கு நானே காசும் குடுக்கிறதோ?" என்று கேட்டா. அத்தான் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசுவது குறைவு.

பெடியனோடு கராச்சில் இருந்து கதைத்தேன்.

"மாமா, ரெண்டு போட்டா கெதியா இழுக்கும் எல்லோ?"

"உன்ர எஞ்சின் ஒரே வரிசை. புகை ஒரு பக்கத்தாலதான் வருது. ரெண்டாவதை எங்க வைப்பாய்?"

"வைக்கலாம் மாமா. சுப்றாவில வைச்சிருக்கே."

"சுப்றாவில வைச்சவன் அதுக்கெண்டு எஞ்சினைச் செய்தவன். உன்ர எஞ்சின்ர அமுக்க விகிதம் எவ்வளவு தெரியுமோ?"

தெரிந்திருந்தது. அதற்காக அவனை மெச்ச வேண்டும். ரேர்போ போட்ட சுப்றாவில் 8.5. இவனுடையதில் 10.5. அதாவது பிஸ்டன் ஏற்கெனவே காற்றை இறுக்கி நசுக்குகிறது. அதற்கு மேலும் ரேர்போவால் அமுக்கினால் பெற்றோல் நேரத்துக்கு முன் வெடிக்கும், பிஸ்டன் உடையும். கொனெக்ரிங் றொட்டும் சுப்றாவினதிலும் பார்க்க மெல்லிசு. ஆகவே ரேர்போ ஒன்றோ இரண்டோ, சதுர அங்குலத்துக்கு ஆறு, ஏழு இறாத்தலுக்கு மேல் அமுக்கம் போடக்கூடாது. அந்தச் சொற்ப அமுக்கத்தை ஒரு நடுத்தர ரேர்போ தாராளமாகத் தரும், 300 குதிரைவலுவுக்குக் கிட்டவும் போகும். பிறகு எதற்கு இரண்டு?

மொஸ்போர்ட்டில் ஐந்தாவது வளைவு, ஸ்ரேர்லிங் மொஸ் பெயரில் உள்ளது, மெதுவாகத் திரும்பி வெளியே வந்தவுடன் நீண்ட ஏற்றப் பாதை. பெரிய ரேர்போ போட்டவன் அங்கேதான் மாட்டுவான். வளைவின் நடுவில் அமத்துவான், ஒன்றும் வராது, இன்னும் அமத்துவான், வளைவு முடியமுன் எல்லாப் பலமும் ஒன்றாக வந்து பின்சில்லு வழுக்கும். பழகாத பெடியனுக்கு இது ஆபத்து. அதற்கு மருந்து இரண்டு ரேர்போ அல்ல, அளவான ஒன்று. கூடு நடுவால் பிரித்த ஒன்று என்றால் இன்னும் நல்லது. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் இருக்கும்போது முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறித்தான் வெடிக்கும், பிரிப்பதற்கென்றே அமைந்த எஞ்சின். இதை நான் அவனுக்குக் கடதாசியில் கீறிக் காட்டினேன்.

பிறகு இரண்டு போட்டால் வாங்க வேண்டியவற்றை எண்ணச் சொன்னேன். ரேர்போ இரண்டு. ஒயில் வரும் குழாய் இரண்டு, திரும்பும் குழாய் இரண்டு. தண்ணீர்க் குழாய் நாலு. மேலதிக அமுக்கத்தை வெளியே விடும் வேஸ்ற்கேற் இரண்டு. இரண்டும் ஒரே அளவில் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றதற்குச் சோறு போடும் வேலையாகப் போய்விடும். மனிபோல்ட் விசேஷமாக ஒட்டுவிக்க வேண்டும். கசியக்கூடிய பூட்டு எத்தனை என்று அவனே எண்ணி, இடையில் நிறுத்திவிட்டான்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஞாபகம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய ஏ-40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விடுவார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த மெக்கானிக்மார் ஒருவரும் பள்ளிக்கூடத்தில் படித்து அதைச் செய்யவில்லை. கழற்றுவதற்கு இருப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு வாகனம் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓடுதளத்திலும் அப்படித்தான். நாள் வாடகை கட்டி, விடிய எழும்பிப் போய், இரண்டாம் சுற்றில் குழாய் வெடித்து லொறியில் ஏற்றிக்கொண்டு வருவது வேகத்தில் சேராது.

கடைசியில் நடந்தது இது. கிரெடிற் எடுக்கவில்லை. முதலில் பிறேக், பிறேக் ஒயில், ரயர், எஞ்சின் ஒயிலை ஆற வைக்கும் கூலர். அவை இல்லாமல் பலத்தை மட்டும் கூட்டுவது பிறேக் இல்லாத சைக்கிளில் கோப்பாய் வெளியில் எதிர்க்காற்றில்லாமல் இறங்குவது மாதிரி. ஒரு வருடம் ரேர்போ இல்லாமலே ஓடிப் பழகினான். ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் பிறகு ஒரு ரேர்போ வாங்கினான். பொருத்துகிற நாள் நானும் நின்றேன். ஒயில் திரும்பும் குழாய் அகலமாகவும் நேரே கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். ஒயில் அதில் தன் பாரத்தால்தான் இறங்குகிறது, பம்ப் இல்லை. வளைத்து நெளித்தால் ஒயில் தேங்கி, தண்டு வழியாக நழுவி, பின்னால் நீலப் புகை வரும். ஓடி முடித்ததும் உடனே எஞ்சினை நிற்பாட்டக்கூடாது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி ஆற விட வேண்டும். சிவந்த ரேர்போவுக்குள் நின்றுபோன ஒயில் கரியாகிவிடும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய மூன்று விஷயம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுதளத்தில் பந்தயம், வேகப் பரீட்சை என்று ஓடும்போது ஒன்ராறியோவின் சாதாரண கார் இன்சூரன்ஸ் செல்லாது. அதற்கென்று தனியாக எடுக்க வேண்டும். றோட்டில் ஓடும் காருக்கு ரேர்போ பூட்டினால் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் கம்பனி கையை விரிக்கும், வீடு வாசல் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய அடி. மூன்றாவது, இரவில் 401இல் காட்டுகிற வித்தை. 2021இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். பொலிஸ் பிடித்தால் அந்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசென்ஸ் போகும், 14 நாளுக்குக் காரும் போகும். குற்றப்பணம் குறைந்தது 2000 டொலர். கார் தாயின் பெயரில் இருந்தாலும் தூக்கிக்கொண்டுதான் போவார்கள்.

வி-ஆறு, வி-எட்டு எஞ்சின் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு என்பது நியாயமான தெரிவு. நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். வைத்திருப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அது ஒரே வரிசை எஞ்சின், இரண்டு ரேர்போ, 1991இலும் 1992இலும் அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ற் பந்தயத்தை வென்ற கார். உண்மைதான். அது கம்பனி முழுதாகச் செய்து கொடுத்த கார். பழுதில்லாமல் இருந்தால் அந்த இரண்டையும் கழற்ற வேண்டாம். ரேர்போ தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது யோசிக்கலாம்.

பார்க்க மட்டும் விரும்புகிற குடும்பங்களுக்கு: மொஸ்போர்ட்டில் கோடையில் பந்தயங்கள் நடக்கும், மேட்டில் விரிப்பு விரித்து இருந்து பார்க்கலாம். இண்டி கார் பந்தயம் 2025 வரை எக்சிபிஷன் பிளேசில் நடந்தது, 2026 முதல் மார்க்கத்துக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்கு மூடி கட்டாயம் கொண்டு போங்கள்.

மருமகன் வரும் யூலையில் ரேர்போவோடு முதல் தடவை மொஸ்போர்ட்டின் சின்னத் தடத்தில் ஓட இருக்கிறான். நான் லீவு எடுத்திருக்கிறேன். அக்கா வரமாட்டாவாம், பார்க்க ஏலாதாம். சோற்றுப் பார்சல் மட்டும் கட்டித் தருவாவாம். மீன் பொரியல் வேண்டாம், கார் மணக்கும் என்று அவன் இப்பவே சொல்லிப்போட்டான்.